ஒரே ஒரு மாலை, நான்கு ராட்சத விலங்குப் படங்கள்: எதைத் திரையிடுவது?

ஆசியாவில் எடுக்கப்பட்ட ராட்சத விலங்குப் படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த வகைப் படங்களை அதுவரை பொருட்படுத்தாத பார்வையாளர்களுக்குத் திரையிட ஒரு திரைப்படக் கழகம் விரும்பினால், பரிசீலனைக்கு முதலில் வந்து நிற்பவை நான்கு படங்கள். 1954இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் ‘காட்ஸில்லா’, 2006இல் தென் கொரியாவின் போங் ஜூன்-ஹோ எடுத்த ‘தி ஹோஸ்ட்’, 2016இல் ஹிடேயாகி அன்னோவும் ஷிஞ்சி ஹிகுச்சியும் சேர்ந்து இயக்கிய ‘ஷின் காட்ஸில்லா’, 2023இல் தகாஷி யமசாகி இயக்கிய ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. நான்குமே நல்ல படங்கள்தாம். எதைத் திரையிட்டாலும் மாலை வீணாகாது. ஆயினும் ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றால், நான் ‘தி ஹோஸ்ட்’ படத்தையே முன்மொழிவேன். அதன் குறைகள் எனக்குத் தெரியும். அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இவ்வகைப் படங்களை ஒப்பிடும்போது விலங்கின் உருவமும், இடிந்து விழும் கட்டடங்களின் பிரம்மாண்டமும், வரைகலையின் தரமுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அவையெல்லாம் பத்தாண்டுகளுக்குள் பழசாகிவிடக்கூடியவை. பழசாகாத கேள்வி ஒன்று உண்டு: விலங்கு வந்து நிற்கும்போது அதன் எதிரே படம் யாரை நிறுத்துகிறது? ஹோண்டா தன் கண்டுபிடிப்பைக் கண்டு தானே அஞ்சும் விஞ்ஞானியை நிறுத்தினார். அன்னோ அரசு அதிகாரிகளை நிறுத்தினார். யமசாகி போரில் சாகத் துணியாமல் உயிரோடு திரும்பிவிட்ட விமானி ஒருவரை நிறுத்தினார். போங் ஜூன்-ஹோவோ ஆற்றங்கரையில் தின்பண்டக் கடை வைத்துப் பிழைக்கும், ஒருவருக்கும் வேண்டாத ஒரு குடும்பத்தை நிறுத்தினார். நான்கு படங்களின் பலமும் பலவீனமும் இந்தத் தேர்விலிருந்தே கிளைக்கின்றன. முடிவுக் காட்சிகளைத் தொடாமல் இதைப் பேச இயலாது என்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்புவோர் படங்களைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

1954ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ‘லக்கி டிராகன்’ என்று உலகம் அழைத்த ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். அதன் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்தார். அதே காலத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த ‘காட்ஸில்லா’ நவம்பர் 3 அன்று வெளியானது. மேல்தளத்தில் கிடாரும் ஹார்மோனிகாவும் வாசித்தபடி மாலுமிகள் ஓய்வாக இருக்கும் ஒரு கப்பல், கடலில் எழும் ஒளிப்பிழம்பில் எரிந்து மூழ்குவதே படத்தின் முதல் நிகழ்வு. அன்றைய பார்வையாளர்களுக்கு அது எந்தக் கப்பலை நினைவூட்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிருக்கு இப்போது இப்படியொரு ஆபத்தா என்று சலித்துக்கொள்கிறார். டோக்கியோ எரியும்போது, கட்டட ஓரத்தில் குழந்தைகளை அணைத்தபடி ஒடுங்கிய தாய் ஒருத்தி, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அந்த அப்பா எங்கே, எப்போது இறந்தார் என்று படம் சொல்வதில்லை. போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆன நாட்டில் அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

எய்ஜி சுபுராயாவின் சிறப்புக் காட்சிகளைப் பற்றிய பொதுவான குறை, விலங்கின் உடைக்குள் மனிதர் இருப்பது தெரிகிறது என்பதுதான். தெரியத்தான் செய்கிறது. காட்ஸில்லாவாக நடித்த ஹருவோ நகாஜிமா அணிந்த அந்த உடையின் எடை சுமார் நூறு கிலோ. சில நிமிடங்களுக்கு மேல் அதற்குள் இருந்து நடிப்பது கடினம். ஆனால் அந்த எடையே விலங்கின் நடையைத் தீர்மானித்தது. கால் தூக்கி வைக்கச் சிரமப்படுவதால்தான் காட்ஸில்லா அவ்வளவு மெதுவாக, யாரையும் துரத்தாமல், தன் வழியில் போகிறது. துரத்தாத அழிவு துரத்தும் அழிவைவிடக் கொடியது. இதனுடன் அகிரா இஃபுகுபேயின் இசையும் சேர்கிறது. டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியைப் பிசின் பூசிய தோல் கையுறையால் இழுத்து உண்டாக்கிய அந்த உறுமலை எழுபது ஆண்டுகளாக எவராலும் மிஞ்ச முடியவில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. எமிகோ, ஒகாட்டா, விஞ்ஞானி செரிசாவா ஆகிய மூவருக்கிடையிலான காதல் சிக்கல் படத்தின் நடுப்பகுதியில் கால் ஊன்றாமலேயே நிற்கிறது. எமிகோவை நாம் அறிந்துகொள்வதற்குள் படம் அவரிடமிருந்து செரிசாவாவின் ஆயுத ரகசியத்தைப் பெற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. தகாஷி ஷிமுரா நடித்த யமானே என்ற தொல்லுயிரியலாளர், ஜுராசிக் காலத்தை இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்வதைக் கேட்டு இன்றைய பள்ளி மாணவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் விலங்கைக் கொல்லாமல் ஆராய வேண்டும் என்று அவர் மனம் உடைந்து வாதிடுவதும், தன் ஆயுதத்தின் ரகசியம் எந்த அரசின் கையிலும் சிக்கக் கூடாது என்பதற்காகக் குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலடியில் தன் உயிர்க்குழாயைத் தானே அறுத்துக்கொள்ளும் செரிசாவாவும், இந்த வகைப் படங்களில் அதற்குப் பின் எவரும் எட்டாத உயரத்தைத் தொட்ட பாத்திரங்கள். கலைமதிப்பை மட்டும் வைத்துத் தரவரிசை போடச் சொன்னால் நான் இந்தப் படத்தைத்தான் முதலில் வைப்பேன். முதல் திரையிடலுக்கு இதைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவதற்குக் காரணம், அதன் கனம் அனைத்தும் 1954இன் ஜப்பானை அறிந்தவர்களின் மனத்தில் ஏற்கெனவே இருந்த கனம் என்பதே. அந்தப் பின்னணி இல்லாமல் வந்து அமர்பவருக்கு, அரை மணி நேர முன்னுரை கொடுத்தாலும் அது பாடமாகத்தான் போய்ச் சேரும்.

‘தி ஹோஸ்ட்’ படத்துக்கு முன்னுரையே வேண்டாம். சியோலின் ஹான் ஆற்றங்கரையில் ஒரு சிறு கடை. கடைக்காரர் ஹீ-போங்குக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் காங்-டு கல்லாவில் தலைவைத்துத் தூங்குபவன். வாடிக்கையாளருக்குச் சுட்டுக் கொண்டுபோகும் கணவாயின் ஒரு காலைத் தானே தின்றுவிட்டு, காலை எண்ணிப் பார்த்த வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொள்பவன். இளையவன் நாம்-இல் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காதவன், மாணவர் போராட்டங்களில் இருந்தவன். மகள் நாம்-ஜூ வில்வித்தை வீராங்கனை, அம்பை விடத் தாமதிப்பதால் தங்கத்தைத் தவறவிட்டு வெண்கலத்தோடு திரும்புபவள். காங்-டுவின் பள்ளி செல்லும் மகள் ஹியுன்-சியோ ஒருத்திதான் அந்தக் குடும்பம் ஒன்றுசேரும் புள்ளி. ஆற்றிலிருந்து வந்த விலங்கு அவளைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. இறந்துவிட்டாள் என்று எல்லாரும் அழுது முடித்த பிறகு அவளிடமிருந்து கைப்பேசி அழைப்பு வருகிறது. அரசு நம்ப மறுக்கிறது. குடும்பம் தானே தேடப் போகிறது. கதை இவ்வளவுதான். பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும், எண்பது வயது முதியவருக்கும் புரியும்.

விலங்கு முதன்முதலில் வெளிப்படும் காட்சியை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தப் படத்தின் துணிச்சல் முழுவதும் அதில் இருக்கிறது. ராட்சத விலங்குப் படங்களின் வழக்கம், விலங்கை இருட்டிலும் மழையிலும் ஒளித்துவைத்து, வாலையோ கண்ணையோ மட்டும் காட்டிப் படம் பாதி கடந்த பிறகு முழுதாக வெளிக்கொணர்வது. போங் ஜூன்-ஹோ கால் மணி நேரத்துக்குள், நல்ல பகல் வெளிச்சத்தில், தலை முதல் வால் வரை காட்டிவிடுகிறார். பாலத்தின் அடியில் ஏதோ மூட்டை போலத் தொங்குகிறது. அது அவிழ்ந்து நீரில் இறங்குகிறது. கரையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், தின்பண்டத்தை எறிகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அது நீருக்குள் மறைந்துவிட, கூட்டம் ஆர்வம் குன்றும் நேரத்தில், கரையின் தொலைதூர முனையிலிருந்து தரையில் ஓடி வருகிறது. எந்தக் கட்டடத்தையும்விட உயரமான விலங்கு அல்ல இது. ஏறத்தாழ ஒரு லாரியின் அளவுதான். வேகத்தில் வழுக்கி விழுகிறது, சறுக்குகிறது, மீண்டும் எழுந்து ஓடுகிறது. அதனால்தான் ஒரு மனிதன் சாலைக் கம்பத்தைப் பிடுங்கி அதை எதிர்க்க முடியும் என்று நம்ப முடிகிறது, எதிர்த்தால் என்ன ஆகும் என்றும் நடுங்க முடிகிறது.

அந்த ஓட்டத்தின் உச்சியில் காங்-டு மகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடுகிறான். தடுக்கி விழுகிறான். எழுந்து, பக்கத்தில் இருந்த கையைப் பற்றி மறுபடி ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் அவன் பிடித்திருப்பது வேறொரு சிறுமியின் கை. பின்னால், தெருவில் தனியாக எழுந்து நிற்கிறாள் ஹியுன்-சியோ. அவளுக்குப் பின்னால் விலங்கு. சில நொடிகளே நீடிக்கும் இந்தத் தவறில் அலட்சியம், அன்பு, பேரிடர் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எத்தனை வானளாவிய கட்டடங்களை இடித்தாலும் உண்டாக்க முடியாத பதற்றம் இது. நான் இந்தப் படத்தை மற்றவற்றுக்கு முன்னால் வைப்பதற்கு ஒரே ஒரு காட்சியைக் காரணமாகக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து வரும் இழவுக் காட்சியில் படம் இன்னொரு துணிச்சலைச் செய்கிறது. விளையாட்டரங்கு ஒன்றில் இறந்தவர்களின் படங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நால்வரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கதறி, கதறலின் வேகத்தில் தரையில் உருண்டு விழுகிறார்கள்; பத்திரிகையாளர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காக மனமும் உறுத்துகிறது. பாதுகாப்பு உடையணிந்து அதிகாரத்தோடு உள்ளே வரும் ஆள் வழுக்கி விழுகிறார். சோகமும் சிரிப்பும் ஒரே காட்சியில் இப்படிக் கலப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். இழவு வீடுகளில் ஒப்பாரியின் நடுவே பந்திக்கும் பங்குக்கும் சண்டை வருவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. தமிழ்ப் பார்வையாளர்கள் இந்தப் படத்தோடு மிக எளிதாக ஒட்டிக்கொள்வார்கள் என்று நான் நம்புவதற்கு இதுவும் காரணம்.

விலங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் படம் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் படைத்தளத்தின் பிணவறையில், தூசு படிந்த புட்டிகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லி ஓர் அமெரிக்கர் தன் கொரிய உதவியாளருக்குக் கட்டளையிடுகிறார். அது ஹான் ஆற்றில் கலக்கிறது. 2000ஆம் ஆண்டில் சியோலின் யோங்சான் படைத்தளத்தில் உண்மையாகவே நடந்த நிகழ்வு இது. கொரியாவில் பெரும் கொதிப்பை உண்டாக்கியது. படத்தில் அதற்குப் பின் வருவது நோய்த்தொற்று வதந்தி. விலங்கைத் தொட்டவர்களைக் கிருமி பீடித்திருப்பதாக அறிவித்து, அரசு விலங்கை விட்டுவிட்டு மக்களைத் துரத்துகிறது. முகக்கவசம் அணிந்து சாலையோரம் நிற்கும் கூட்டத்தில் ஒருவர் இருமித் தேங்கிய நீரில் துப்ப, வேகமாக வரும் வண்டி அந்த நீரை எல்லார் மீதும் வாரி இறைக்கும் காட்சியைக் கொரோனாவுக்குப் பிறகு பார்ப்பவர்கள் வேறு விதமாகத்தான் பார்ப்பார்கள். கிருமியே இல்லை என்பது பின்னர் தெரிய வருகிறது.

இனிக் குறைகள். படத்தின் நடுப்பகுதி நீளம். காங்-டு மருத்துவமனையில் மாட்டிக்கொண்ட பிறகு கதை சாக்கடைகளிலும் ஆய்வுக்கூடத்திலும் தேங்குகிறது. யார் எந்தப் பாலத்தருகே இருக்கிறார்கள் என்ற திசையறிவு பார்ப்பவருக்குத் தவறிவிடுகிறது. அமெரிக்கப் பாத்திரங்கள் கேலிச்சித்திரங்களாக நின்றுவிடுகிறார்கள். கிருமியைக் கொல்ல என்று சொல்லித் தெளிக்கப்படும் ‘ஏஜென்ட் எல்லோ’ என்ற நச்சுப்புகை, வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்ற நச்சு மருந்தைச் சுட்டுகிறது என்பது புரிகிறது, ஆனால் கதைக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பது கடைசிவரை குழப்பமே. பே டூனா நடித்த நாம்-ஜூவுக்குப் படத்தின் பாதிக்கு மேல் வேலையே இல்லை. எல்லாவற்றிலும் வெளிப்படையான குறை, இறுதியில் எரியும் விலங்கு. பகல் வெளிச்சத்தில் அத்தனை உண்மையாக ஓடிய அதே விலங்கின் மேல் பற்றும் நெருப்பு, அதன் தோலோடு ஒட்டாமல் தனியே மிதக்கிறது. ஹாலிவுட் அளவுகோலில் மிகச் சிறிய தொகையில், வெளிநாட்டு வரைகலைக் கலைஞர்களை அமர்த்தி எடுத்த படம். பணம் தீர்ந்த இடம் எது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் அந்த இறுதிக் காட்சியின் கட்டமைப்பைப் பாருங்கள். போராட்டக்காரனாக இருந்த தம்பி பெட்ரோல் குண்டுகளை எறிகிறான். கடைசிக் குண்டு கையிலிருந்து நழுவி விழுந்து உடைகிறது. எப்போதும் தாமதிக்கும் தங்கை அந்த நெருப்பிலேயே அம்பைப் பற்றவைத்து இம்முறை சரியான நேரத்தில் விடுகிறாள். தூங்குமூஞ்சி அண்ணன் கம்பத்தோடு ஓடிப்போய் வாயில் குத்துகிறான். இராணுவம் இல்லை, விஞ்ஞானி இல்லை; ஊரே பயனற்றவர்கள் என்று ஒதுக்கிய மூவரின் அரைகுறைத் திறமைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன. இவற்றுக்கு முன்பே, துப்பாக்கியில் குண்டு மிச்சமிருக்கிறது என்று மகன் தவறாக எண்ணிச் சொன்னதை நம்பி விலங்கின் எதிரே நின்ற தகப்பன், விசை வெறுமனே தட்டியதும் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, போய்விடுங்கள் என்று கையசைக்கிறார். தகப்பனாக நடித்த ப்யுன் ஹீ-போங்கின் அந்தக் கையசைப்பில் திட்டும் இல்லை, குறையும் இல்லை. ராட்சத விலங்குப் படங்களில் இப்படியொரு தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் படத்தைத் திரையிடுவதில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. ஹியுன்-சியோ பிழைப்பதில்லை. அவள் காப்பாற்ற முயன்ற அநாதைச் சிறுவன் பிழைக்கிறான். அவனைக் காங்-டு வளர்க்கிறான். குழந்தை மீட்கப்படுவாள் என்ற எதிர்பார்ப்போடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்த சிலர் கோபத்தோடு எழுந்து போவார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தவிர்ப்பதற்காக வேறு படத்தைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். 2006இல் கொரியாவில் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த முடிவோடுதான் படத்தைப் பார்த்தார்கள். அதுவரை அந்நாட்டில் அதிகம் பேர் பார்த்த படமாக அது ஆனது.

‘ஷின் காட்ஸில்லா’வை நான் சுருக்கமாகவே பேசப் போகிறேன். காரணம், அதன் மீதான என் மதிப்பு பெரிது என்றாலும், இந்த மாலைக்கு அது பொருந்தாது என்பது எளிதில் விளங்கும். 2011 மார்ச் மாத நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து ஆகியவற்றின்போது ஜப்பானிய அரசு தடுமாறியதைக் கண்ட சமூகம் எடுத்த படம் இது. விலங்கு ஊருக்குள் புகும் முதல் காட்சியில், ஆற்றில் கட்டியிருந்த படகுகள் குவியலாக நெட்டித் தள்ளப்பட்டு வரும் தோற்றம் அப்படியே சுனாமியின் தோற்றம். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் படகுகள் வீடுகளின் மேல் கிடந்ததைக் கண்டவர்கள் அந்தச் சில நிமிடங்களில் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அதன் பிறகு படம் கூட்ட அறைகளுக்குள் போய்விடுகிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இராணுவம் சுடலாம், எந்த அமைச்சகம் கையெழுத்திட வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு மின்னல் வேகத்தில் நடக்கிறது. ஒவ்வொருவரின் பதவியும், இடத்தின் பெயரும், ஆயுதத்தின் பெயரும் திரையில் எழுத்தாக வந்துபோகின்றன. இறுதியில் விலங்கை அடக்குவது கான்கிரீட் பம்ப் லாரிகள். ஃபுகுஷிமாவில் அணு உலையைக் குளிர்விக்க நீர் பாய்ச்சியவை இத்தகைய லாரிகளே என்பதை நினைவில் வைத்திருப்போருக்கு அது அற்புதமான தேர்வு.

நிர்வாகத்தைக் கதாநாயகனாக்கிய வேறு படம் இந்த வகையில் இல்லை. ஜப்பான் அகாதெமியின் அவ்வாண்டின் சிறந்த படம், சிறந்த இயக்கம் ஆகிய விருதுகளை அது பெற்றது தகும். ஆனால் வசனத்துக்கு ஒரு துணைத்தலைப்பு, திரையில் வரும் எழுத்துக்கு இன்னொரு துணைத்தலைப்பு என்று இரண்டையும் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே படத்தையும் பார்ப்பது, தாய்மொழி வேறாக உள்ள கூட்டத்துக்குப் பெரும் பாரம். பாத்திரங்களுக்கு வீடு இல்லை, குடும்பம் இல்லை. அது இயக்குநர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு. புதியவர்களுக்கோ அது குளிர்ச்சியாகப் படும்.

‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’தான் உண்மையான போட்டி. பெரும்பாலான கழகங்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால் சற்று விரிவாகவே எடைபோட வேண்டும். 610 வரைகலைக் காட்சிகளை வெறும் 35 பேர் கொண்ட குழு செய்தது. இயக்குநரே வரைகலை மேற்பார்வையாளர். 2024 மார்ச்சில் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரைப் பெற்றது. மரப்படகு ஒன்றின் பின்னால் காட்ஸில்லா தலையை மட்டும் நீர்மேல் உயர்த்தி நீந்தி வர, படகில் இருக்கும் நால்வர் மீட்டெடுத்த கண்ணிவெடியை அதன் வாயில் சிக்கவைத்து, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு வெடிக்கவைக்கும் காட்சிக்கு, பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் இருந்தால் அரங்கமே எழுந்து உட்காரும். நான்கு படங்களில் கூட்டத்தை மிக எளிதாகக் கட்டிப்போடக்கூடியது இதுதான் என்பதில் ஐயமில்லை.

கருத்தளவிலும் அதற்கு வலிமை உண்டு. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டு, விமானம் பழுது என்று பொய் சொல்லித் தரையிறங்கிய ஷிகிஷிமாவுக்கு, உயிரோடு இருப்பதே குற்றமாகத் தோன்றுகிறது. காட்ஸில்லாவை எதிர்க்கக் கூடும் முன்னாள் கடற்படையினரிடம் விஞ்ஞானி நோடா பேசுகிறார். இந்த நாடு உயிர்களை மலிவாக நடத்தியது. பீரங்கி வண்டிகளுக்குப் போதிய கவசம் இல்லை, வீரர்கள் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள், போர் விமானங்களில் தப்பிக்கும் இருக்கைகூட இல்லை என்று அவர் அடுக்குகிறார். இறுதியில் ஷிகிஷிமாவின் விமானத்தில் அந்த இருக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. அவன் உயிரோடு திரும்புகிறான். 1954இல் செரிசாவா சாக வேண்டியிருந்தது. 2023இல் யாரும் சாகத் தேவையில்லை என்று படம் வாதிடுகிறது. முதல் படத்துக்கு எழுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் இது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் பேறு பெற்றவர்கள்.

எனினும் எனக்கு இந்தப் படத்தோடு இரண்டு பிணக்குகள் உண்டு. ஒன்று, அது எதையும் பார்ப்பவரின் ஊகத்துக்கு விடுவதில்லை. ஷிகிஷிமாவின் வேதனையை அவராக நடித்த ரியுனோசுகே காமிகியின் முகம் சொல்கிறது. பிறகு அவரே வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு பக்கத்தில் இருப்பவர் அதை விளக்குகிறார். டோக்கியோவின் கின்சா பகுதியில் வெடிப்பலையில் தூக்கியெறியப்பட்ட, ஷிகிஷிமாவோடு வாழ்ந்த நோரிகோ கடைசியில் மருத்துவமனையில் உயிரோடு இருப்பது, அதுவரை சேர்த்த துயரத்தின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. ‘தி ஹோஸ்ட்’ படத்தில் குடும்பம் களைத்துப்போய்க் கடைக்குள் அமர்ந்து மௌனமாகச் சாப்பிடுகிறது. அப்போது காணாமல்போன சிறுமி அவர்கள் நடுவே எழுந்து வர, ஆளுக்கொரு வாய் ஊட்டிவிடுகிறார்கள். அது கனவா, நினைவா, யாருடைய ஆசை என்று படம் சொல்வதில்லை. ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரு இயக்குநர்களுக்கும் உள்ள தூரம் இந்த ஒரு காட்சியில் தெரியும்.

இரண்டாவது பிணக்கு கனமானது. அரசு தன் சொந்த வீரர்களை எப்படி நடத்தியது என்று அவ்வளவு உணர்ச்சியோடு கேட்கும் படம், அதே படை மற்ற நாட்டு மக்களை எப்படி நடத்தியது என்ற பக்கம் திரும்புவதே இல்லை. சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு விலங்குப் படத்திடம் எல்லா வரலாற்றையும் எதிர்பார்க்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் போர்க் குற்ற உணர்வையே கருவாக எடுத்துக்கொண்ட படத்தில் இந்த மௌனம் காதில் விழாமல் போகாது. திரையிடுவதென்றால், பின்னுரையில் இதைப் பேசியாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் வட கொரியாவின் ‘புல்காசாரி’யையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 1978இல் கடத்திச் செல்லப்பட்ட தென் கொரிய இயக்குநர் ஷின் சாங்-ஓக் அங்கே உருவாக்கிய படம் அது. அடுத்து 1986இல் அவர் வியன்னாவில் தப்பினார். அந்தக் கதை படத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்பதால், அதைத் திரையிட்டால் கழகம் பேசப்போவது படத்தைப் பற்றியதாக இருக்காது.

நடைமுறைக்கு வருவோம். 1954ஆம் ஆண்டுப் படம் 96 நிமிடம். மற்ற மூன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரும் கூட்டம், பெரிய திரை, நல்ல ஒலி என்றால் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ பாதுகாப்பான தேர்வு. நான் அதை எதிர்த்து வாக்களிக்க மாட்டேன். ஆட்சி நிர்வாகம், பேரிடர் மேலாண்மை பயிலும் மாணவர்கள் கூடும் அரங்கு என்றால் ‘ஷின் காட்ஸில்லா’வைவிடச் சிறந்த படம் கிடைக்காது. 1954ஆம் ஆண்டுப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: 1956இல் அமெரிக்காவில் ரேமண்ட் பர் நடித்த பகுதிகளைச் சேர்த்து, ஜப்பானியப் பகுதிகளில் பலவற்றை வெட்டி வெளியிட்ட வடிவம் கைக்குச் சிக்கினால் அதை ஒதுக்கிவிட்டு, ஜப்பானிய மூலத்தையே தேட வேண்டும்.

பல வயதினரும் பல தொழிலினரும் கலந்து வரும் சாதாரண ஊர்க்கூட்டத்துக்கு என் தேர்வு ‘தி ஹோஸ்ட்’. சிறு குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுமியின் மரணத்தைத் தாங்கும் வயது வேண்டும். ஒலி சுமாராக இருந்தாலும் திரை சிறியதாக இருந்தாலும் இந்தப் படம் தாக்குப்பிடிக்கும், ஏனெனில் அதன் முக்கியக் காட்சிகள் முகங்களில் நடக்கின்றன. அறிமுகப் பேச்சு வேண்டாம். யோங்சான் நிகழ்வைப் படம் தொடங்கும் முன் சொல்லிவிட்டால், பிணவறைக் காட்சியைப் பார்வையாளர்கள் அரசியல் அறிக்கையாகவே பார்க்கத் தொடங்குவார்கள். அதில் உள்ள அபத்தமான சிரிப்பு அவர்களுக்குக் கிடைக்காது. விளக்கு எரிந்த பிறகு, கலந்துரையாடலின் முதல் தகவலாக அதைச் சொல்ல வேண்டும்.